தூண்டில் முள்ளுக்கு எண்ணெய்

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாயில் தூண்டில் போடப் போவார். முதல் நாளே முள்ளில் துருவைத் தேய்த்து எண்ணெய் தடவி வைப்பது என் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலத்தில், நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை, நான் பாட்டுக்கு உட்கார்ந்து முள்ளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அவரோடு மீன்பிடிக்கப் போகும் மில் கூட்டாளி வாசலில் வந்து நின்றார்.

"மதினி, அந்தத் தூண்டிலை நான் எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க. நைலான் நரம்பு இத்துப்போச்சு, புதுசு மாத்துங்க. விராலுக்குப் பெரிய முள்ளு, கெண்டைக்கு இந்தச் சின்னது."

கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்தார். எதற்கு அழுகிறார் என்று புரியவே எனக்குச் செத்த நேரம் ஆயிற்று.

மறுநாள் அவர் மனைவி இரண்டு விரால் கொண்டுவந்து கொடுத்தாள். குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டு, நானும் சாப்பிட்டேன்.

"அம்மா, உப்பே இல்ல" என்றாள் மகள்.

நான் அப்போது என் தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.