கிராணி துலக்கி வைத்த ஓடை

டீசலும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை என் அம்மாவின் சேலையை விட்டு ஒருநாளும் போனதில்லை. மலாயாவில், குளுவாங் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், எண்ணெய்த் தொட்டியை முதுகில் சுமந்து, "கான்" என்று நாங்கள் சொன்ன வடிகால்களில் வாரம் தவறாமல் "கொசு எண்ணெய்" அடிப்பது அவள் வேலை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் மலேரியாவுக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. ஐம்பதுகளில் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அப்படியே நடந்தது. பின்னாளில் சுகாதார ஆய்வாளராகிப் படிவம் படிவமாக நிரப்பியவள் நான். அவ்வளவு ஒழுங்காக நடந்த வேலையை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

அப்போது ஒரு வருடம் வந்த புதுக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சுத்தப் பித்தர். தம் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் மேல் கவிந்திருந்த செடிகொடிகளை வெட்டித் தள்ளி, வெயில் பட்டு மினுங்கும்படி செய்தார். நிழல் போனதைக் கண்டு அம்மா எண்ணெய்த் தொட்டியோடு போனபோது, "கண்ணாடி மாதிரி தண்ணி ஓடுது, அதுல அழுக்க ஊத்தாதம்மா" என்று விரட்டிவிட்டார்.

சில வாரங்களில் பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், "குளிர் காய்ச்சல்" தொடங்கியது; மலேரியாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பழி அம்மாவின் மேல் விழுந்தது. வேலை போனால் எங்கள் லயத்து வீடும் போகும்.

காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி கொசுப்புழு நெளியும் ஒரு போத்தலைத் தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரையிடம் நீட்டினார்.

"லயத்துல எடுத்தது, தொரை. அந்தோணியம்மா எண்ணெ அடிக்கிற லட்சணத்தப் பாருங்க."

அம்மா போத்தலை வாங்கிப் பார்த்தாள். "இது யாரு வீட்டு வாளியிலயோ எடுத்ததுங்க. தலைகீழாத் தொங்குது பாருங்க. காய்ச்சக் கொசுவோட புழு தண்ணி மேல மட்டமாப் படுத்துக் கிடக்கும்."

"புழுவுக்குப் படுக்கை கேக்குதாக்கா?" என்றான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "வாங்க தொரை, காட்டுறேன்" என்று கிராணி வீட்டு ஓடைக்கு நடந்தாள். துரையும் நடந்தார், பெரட்டே பின்னால் போனது.

வெள்ளை எனாமல் அகப்பையால் அவள் முதலில் மொண்டதில் ஒன்றுமில்லை.

"அலமாக், நான்தான் சொன்னேன்லா" என்று மலாய்க்காரர் பாணியில் அலுத்துக்கொண்டார் கிராணி.

அடுத்து, கரைப் புல்லின் வேரோரம் மொண்டாள். அகப்பைக்குள் கறுப்பு நூல் துண்டுகளைப் போலப் புழுக்கள் மட்டமாக மிதந்தன. எங்கள் பக்கத்து மலேரியாக் கொசுவும் கிராணியைப் போலவே, வெயில் படும் தெளிந்த நீரைத்தான் விரும்பும்.

துரை அகப்பையைக் கிராணியின் முகத்துக்கு நேரே பிடித்து, தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "கிராணி, இந்த எடம் வெட்டினது யாரு?"

அன்று அம்மா அந்த ஓடை முழுவதும் எண்ணெய் அடித்து முடிக்கும்வரை, துரையின் உத்தரவுப்படி கிராணி பக்கத்திலேயே நின்றார். செடிகள் மறுபடி கவிந்தன, காய்ச்சல் நின்றது.

இன்று அங்கே லயமும் இல்லை, கானும் இல்லை; வரிசை வீடுகள் நிற்கின்றன. என் வயதுக்காரர்கள் அந்தப் பக்கம் போனால் பெருமூச்சு விடுகிறார்கள். அங்கே குடியிருக்கும் என் பேத்தியோ, "குளிர் காய்ச்சல்னா மழையில நனைஞ்சா வருமே, அதுவா பாட்டி?" என்று கேட்கிறாள். அவளுக்கு அது தெரியாமல் போகத்தான் அம்மா தொட்டியைச் சுமந்தாள். ஆமாம், அதுதான் என்று சொல்லிவிட்டேன்.