கடைசிப் பெட்டி

ஜாஸ்பினுக்கு இந்த மாதம் இது மூன்றாவது அருமனைப் பயணம். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது. ரப்பர் பால் கொள்முதல் நிலையத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த மென்பொருளில், பாலின் தரத்தைக் குறிக்கும் கடைசிப் பெட்டி மட்டும் பதிவதே இல்லையாம். முன்பு இரண்டு முறையும் மதியம் வந்து, தானே அடித்துப் பார்த்தாள். ஒழுங்காகப் பதிந்தது. "நீங்க கண்ணால பாத்து சரியா அடிக்கல்ல அண்ணே" என்று அங்கே வேலை செய்யும் சுந்தர்சிங்கிடம் போனிலும் நேரிலும் நான்கு மாதமாக எரிந்து விழுந்திருக்கிறாள்.

இன்று பால் வரும் காலை நேரத்தில் அவர் பக்கத்திலேயே நின்றாள். கையெல்லாம் ரப்பர் பால் ஒட்டியிருந்ததால் அவர் மவுஸைத் தொடவில்லை. கடைசி எண்ணையும் விரல் முட்டியாலேயே அடித்து, அதே முட்டியால் எஃப்2 கீயைத் தட்டிச் சேமித்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கர்சர் பெட்டியை விட்டு வெளியே வந்தால்தான் அடித்தது உள்ளே போய்ச் சேரும். அவள் செய்ததுபோல் மவுஸால் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் அது வெளியே வந்துவிடும். கீயைத் தட்டினால் வராது. பெட்டியைத் தரவோடு இணைக்கும் பைண்டிங் வரியில், அடிக்க அடிக்க அனுப்பு என்று அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைத் திருத்தினாள். இதற்கா நான்கு மாதம்! அடுத்த எண் பதிந்தது.

"தப்பு எனக்க பக்கம்தான் அண்ணே."

சுந்தர்சிங் கையைத் துடைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். புதுசு.

"அப்பம் எனக்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லியா மக்ளே?"