பெற்றோல் விளக்கு எரிந்தபோது

என் கணவர் வளைகுடா நாடொன்றில் விமானி. சென்ற வருடம் நடுவானில் ஓர் எஞ்சின் நின்றுபோனது. அவர் பதறாமல் எல்லோரையும் பத்திரமாக இறக்கினார். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு தனக்குச் சரியாக நித்திரை வருவதில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். வருடாந்த மருத்துவப் பரிசோதனை நெருங்கியிருந்தது. "டொக்டர்ட்ட அதெல்லாம் கதைக்காதீங்க மச்சான், பறக்க விடமாட்டாங்க" என்றேன். அவரும் கதைக்கவில்லை. அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து லீவில் வந்தவர், என்னையும் பிள்ளைகளையும் நாவிதன்வெளியிலுள்ள எங்கள் வயலுக்குக் காரில் கூட்டிப்போனார். வழியில், பெற்றோல் குறைந்தால் எரியும் சின்ன விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். நடு வீதியில் சடாரென்று பிரேக் அடித்தார். பின்னால் வந்த லொறி எங்களில் மோதாமல் வயலுக்குள் இறங்கி நின்றது. ஏசிக்கொண்டு ஓடிவந்த லொறிக்காரர் இவருடைய முகத்தைக் கண்டதும் லொறியிலிருந்து தண்ணீர் எடுத்துவரத் திரும்பி ஓடினார்.

"என்னால ஏலா. நீ ஓட்டு" என்று அழுதார் இவர். எஞ்சின் நின்ற விமானத்தையே இறக்கியவர், கார்ச் சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

இப்போது அவர் பறப்பதில்லை. மனநல வைத்தியரிடம் போகிறார். நேற்றும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, "மச்சான் எப்பிடி ராத்தா, சுகந்தானே?" என்று கேட்டாள்.

முன்பென்றால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதையை முடித்துவிடுவேன். இப்போதும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். மனசுக்குச் சுகமில்ல தங்கச்சி, மருந்து எடுக்கார்."