சாக்பீஸில் வீடு கட்டிய ஸ்டெல்லா மேடம்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஆவடியிலிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா மேடத்தின் கணவர் பேசினார். "மேடம் தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றார். மனைவியை அவரும் மேடம் என்றுதான் சொல்வார். ஊரே அப்படிக் கூப்பிடும்போது அவர் மட்டும் என்ன செய்வார்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் கட்டட இன்ஜினியர். ஆவடி, பட்டாபிராம் பக்கம் கடைக்கு மேலே கிடக்கும் மாடியை வீடாக மாற்ற நினைப்பவர்கள் அவரிடம்தான் போவார்கள். பிளான் போட்டு அனுமதியும் வாங்கித் தருவார். ஆனால் போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் திட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். கட்டடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, நாலு சுவர் வைப்பதற்கு எதற்கு அனுமதி என்று நானும் கேட்டிருக்கிறேன். "சரக்கு மூட்ட மூச்சு வுடாது. மனுசன் வுடுவான்" என்றார்.

எங்களுக்குப் பட்டாபிராமில் எலக்ட்ரிக்கல் கடை. மேலே குடோன். சில வருடங்களுக்கு முன் மாமா இறந்து என் அக்கா தனியானபோது, குடோனை அவருக்கு வீடாக்கித் தருவதென்று எங்கள் அப்பா, நைனா, முடிவு செய்தார். வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு வேண்டும் என்றார் மேடம். நைனா முடியாது என்றார். கடைக்குள்ளேயே படி இருக்கிறது; வெளியே இடம் இருப்பதோ ஈசானி மூலையில் மட்டும்; அங்கே படி வைத்தால் குடும்பம் விளங்காது என்பது அவர் கட்சி. தனிப் படி இல்லாத பிளானில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேடமும் சொல்லிவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் நிலைமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பட்டுப்புடவையோடு மேடம் வந்தார். கைப்பையில் சாக்பீஸ். குடோன் தரையில் குனிந்து சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று கோடு போட்டார். எல்லோரும் அதில் கொஞ்ச நேரம் குடியிருந்து பார்க்க வேண்டுமாம். எந்த வேலை எடுத்தாலும் அவர் வழக்கம் அதுதான். நைனா விறுவிறுவென்று நடந்து, சமையலறைக் கோட்டுக்குள் நின்ற அக்காவிடம் போனார். "நைனா, சுவத்துக்குள்ள பூந்து வந்துட்டீங்க. வாசப்படி அந்தாண்ட கீது" என்றார் மேடம். நைனாவே சிரித்துவிட்டார். குளியலறைக்குக் காற்று வர ஜன்னல் எங்கே என்று அவராகவே கேட்கவும் தொடங்கினார்.

பிறகு எங்களைக் கீழே கூட்டிவந்து ஷட்டரை இறக்கிப் பூட்டச் சொன்னார் மேடம். கடை சாத்தியாகிவிட்டது, இப்போது உங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தெருவில் நின்றபடி ஷட்டரைப் பார்த்தார். அப்புறம் நைனாவைப் பார்த்தார்.

"வெளிய போய்ட்டு வரணும்னா தெனம் தம்பியக் கேக்கணுமா நைனா?"

நைனா ஈசானி மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி மூலைன்றீங்க. உங்க பொண்ணு ஏறி எறங்கினா சாமி கோச்சுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

கடைசியில் நைனா சம்மதித்தார். ஆனால் படிக்குக் கீழே துடைப்பம், செருப்பு எதுவும் வைக்கக் கூடாது என்று தன் பங்குக்கு அவரும் ஒரு ரூல் போட்டார். மேடம் அதைச் சர்க்கார் உத்தரவு போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

இன்று போனை வைத்துவிட்டு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் படியேறினேன். கதவு பூட்டியிருந்தது. நானும் நைனாவும் ஆவடி போய்ச் சேர்ந்தபோது, மேடத்தின் தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார். தகவல் அவருக்கு முதலிலேயே போயிருக்கிறது. உடனே கிளம்பி வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என் ஊட்லேர்ந்து நான் வர்றதுக்கு உன்ன எதுக்குடா கேக்கணும்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இழவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம், உங்கள் காதில் விழுந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள்! போய் வாருங்கள்.