தள்ளு ஏறின மாசம்

சித்ராதேவியிடம் வந்த பனியன் துணியில் எந்தப் பழுதும் தப்பித்ததில்லை. பத்தொன்பது வருசம் செக்கிங் டேபிளில் நின்ற கண்ணு. எண்ணெய்க் கறையோ, நூல் விட்ட ஓட்டையோ, ஒரே புரட்டில் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் காசில் விழுந்த ஓட்டையை ஆறு மாசம் கழித்துத்தான் பார்த்தாள் என்றால், வட்டி கண்ணை மறைத்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

சொந்தமாக ஆறு தையல் மிஷின் போட்டு ஒரு செக்‌ஷன் நடத்தவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நாலரை லட்சம் பேங்க் டெபாசிட்டில் கிடந்தது. ஏப்ரலில் கெடு முடிந்து பேங்குக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண், "ரிசர்வ் பேங்க்ல குறைச்சுட்டாங்க மேடம், இனி போட்டா முன்ன மாதிரி வட்டி வராது" என்றாள். சித்ராதேவிக்குச் சுருக்கென்றது. மிஷின் விலை மட்டும் குறையுமாக்கும்! போங்கடி நீங்களும் உங்க வட்டியும் என்று மனசுக்குள் வைதபடி பணத்தை எடுத்துவந்து பீரோவில் வைத்தாள். அதிலிருந்து மாசாமாசம் திருமூர்த்தியின் ஏலச்சீட்டுக்குக் கட்டினாள்.

திருமூர்த்தி மங்கலம் ரோட்டில் பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருப்பவர். பத்துப் பேர், பத்து மாசம், ஆளுக்கு அம்பதாயிரம், அஞ்சு லட்சம் சீட்டு. முதல் மாசம் அவருக்கு. பிறகு ஏலம். அவசரக்காரன் எவ்வளவு விட்டுக்கொடுத்து எடுக்கிறானோ அதுதான் தள்ளு. அந்தத் தள்ளு பத்துப் பங்காகி எல்லாருக்கும் கட்டவேண்டியது குறையும். கடைசி வரைக்கும் பொறுத்தவருக்கு முழுசாக அஞ்சு லட்சம். சித்ராதேவி பொறுக்கத்தான் வந்திருந்தாள்.

ஆர்டர் ஓடிய மாசங்களில் தள்ளு அம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. பேங்கிலேயே கடன் மலிவாகக் கிடைக்கும்போது எவன் தள்ளுவான்? ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் அம்பது பர்சென்ட் வரியைப் போட்டான், பனியன் ஆர்டர் நின்றது. செப்டம்பர் ஏலத்தில் பிரிண்டிங் யூனிட் தீனதயாளன் ஒரே போடாக ஒன்றரை லட்சம் தள்ளிச் சீட்டை எடுத்தார். சித்ராதேவி கட்டவேண்டியது முப்பத்தஞ்சாயிரமாக இறங்கியது. அடேங்கப்பா, எந்த பேங்க் கொடுக்கும் இதை! போகிற வழியில் கால் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள்.

ரெண்டு நாள் கழித்துத்தான் அந்த ஜிலேபி நெஞ்சில் நின்றது. எந்தச் சீட்டிலும் கடைசி ஆளாக எடுக்கிற மனுசனாயிற்றே இந்தத் தீனதயாளன்? வேலை முடிந்து அவர் யூனிட் பக்கம் போய்ப் பார்த்தாள். கேட்டில் பூட்டு. உள்ளே கரண்ட்டே இல்லை. தள்ளு ஏறினால் லாபம் என்று துள்ளினாளே, ஏறினது ஊரின் பயமல்லவா! எடுத்தவர்கள் மீதித் தவணை கட்டாமல் போனால் கடைசியில் அவள் கைக்கு வருவது திருமூர்த்தியின் வேஸ்ட் மூட்டைதான்.

தீபாவளிக்கு முந்தின வாரத்து ஞாயிறு, குடோனில் ஏழாவது மாசத்து ஏலம்.

"ஏனுங்க, எடுத்தவங்க எல்லாரும் கட்டிப்போடுவாங்களாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்ன அம்மணி, என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று திருமூர்த்தி சிரித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் எடுக்காதவர்கள் நாலே பேர். அதில் ஒருவன் பெருமாநல்லூரில் பன்னிரண்டு பேரை வைத்துச் செக்‌ஷன் நடத்தும் அருள்செல்வன். முன்னே சித்ராதேவி கம்பெனியில் டெய்லராக இருந்தவன். ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு லட்சம் தள்றேனுங்க" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"ஒண்ணு, ஒரு தரம்... ரெண்டு தரம்..."

சித்ராதேவி கணக்குப் போட்டாள். இப்போது எடுத்தால் லட்சத்துக்கு மேல் நட்டம். எடுக்காவிட்டால்?

"ஒண்ணே முக்கால்" என்றாள்.

சித்ராதேவியே கேக்கறாளா? மற்ற ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொறுமைக்குப் பேர்போனவளே பயப்படுகிறாள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது. ஒருத்தர் ரெண்டு லட்சம் என்றார். அதற்கு மேல் தள்ளக்கூடாது என்பது சீட்டின் சட்டம். நாலு பேரும் ரெண்டில் வந்து நின்றார்கள். அப்புறம் குலுக்கல்தான்.

தீனதயாளன் உள்பட எல்லாரும் அந்த மாசத்து முப்பதாயிரத்தை எடுத்து வைத்தார்கள். அருள்செல்வன் தன் நோட்டுக்கட்டை நீலப் பனியன் துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தான். சீட்டெழுதி டம்ளரில் போட்டு, டீ கொண்டுவந்த பெண்ணை எடுக்கச் சொன்னார்கள்.

சித்ராதேவி பேர் வந்தது. மூணு லட்சமும் கட்டுக் கட்டாக அவள் பைக்குள் போனது.

அருள்செல்வன் கொஞ்ச நேரம் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, "வாறனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவளுக்கு உசிர் வந்தமாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவனே அவள் ஊட்டுக்கு வந்து நின்றான்.

"அக்கா, என்ற மிஷின் ஆறையும் நீங்க எடுத்துக்கறீங்களா? புதுசுன்னா அஞ்சு லட்சமுங்க. ரெண்டேகால் குடுத்தாப் போதும். பன்னண்டு பேருத்துக்கு போனஸ் குடுக்கோணுமுங்க."

"வேற யாருகிட்டயும் கேக்கலியா கண்ணு?"

"ஊரே விக்குதுங்க அக்கா. வாங்கறதுக்கு உங்ககிட்டத்தானுங்க காசு இருக்குது."

பத்து வருசமாக ஆசைப்பட்ட ஆறு மிஷின், பாதி விலைக்கு வாசலில் வந்து நின்றது. அவள் பேரம் பேசவில்லை. பீரோவைத் திறந்து சீட்டுப் பணத்தில் ரெண்டேகாலைக் கட்டோடு அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு கட்டாக எண்ணினான். மூணாவது கட்டில் கை நின்றது. நீல நாடா.

"இது நான் ஞாயித்துக்கிழமை கட்டுனதுங்க" என்றான். முடிச்சை அவிழ்த்து அந்தக் கட்டையும் எண்ணி முடித்தான்.

"சரியா இருக்குதுங்க அக்கா. சாயங்காலம் வந்து மிஷினை ஓட்டிப் பாத்துக்குங்க, ஏதாச்சும் பழுது இருந்தா சொல்லுங்க."

"நான் ஒண்ணையும் பாக்கலை சாமி, நீ போ" என்றாள் சித்ராதேவி.