கழுநீர் உணவுப் பொருளா?

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் இருப்பவர்களுக்கு நடைமுறை சொல்லிக் கொடுத்து அவர்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்த காலம். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். பதில் ஆள் வருவதற்குள் பிறக்கப்போகும் குழந்தையே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடும். அந்தக் கோப்பு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்குத் தெரியாதா? பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் கேட்டதும் நானே போனேன்.

ஏழாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சி. பலகையில் அம்புக்குறி போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, செய்தே காட்டுவோம் என்று ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரைப் பாடத்துக்குக் கொடுக்க எந்த வீட்டுக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் உப்புத் தண்ணீரே கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் பாட்டில் மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது.

"சார், அவங்க தோட்டத்துக் கெணத்துல இந்த வாரம் மெரூனுங்க. போன வாரம் நேவி ப்ளூ" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். "எக்ஸ்போர்ட் ஆர்டர் மாறிப்போச்சாட்ட இருக்குது."

வகுப்பு சிரித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்கப்பன் வேலைக்குப் போற சாயப்பட்டறையில இருந்துதாண்டா வருது" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் தண்ணீரையே எடுத்துக்கொண்டேன். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, நடுவில் டம்ளரை வைத்து, பாலிதீன் கவரால் இறுக மூடி, மேலே ஒரு கூழாங்கல்லை வைத்து வெயிலில் விட்டோம். மதியத்துக்குப் பிறகு பார்த்தால் டம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர், கண்ணாடி போல. சாயமும் உப்பும் கீழேயே தங்கிவிட்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் அருகே வந்து, "சார், இதை மாடு குடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். பொது அறிவுக்காகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றார்.

"ஏனுங்க சார், நேத்துப் பூராப் புள்ளை வெயில்லயே உக்காந்திருக்குதுங்க. பனியன் கம்பெனிக் கவரையெல்லாம் ஒட்டித் தண்ணித்தொட்டி மேல விரிச்சு வெச்சிருக்குது. மாட்டுக்கு நல்ல தண்ணி எறங்குமாமா."

பிறகுதான் விவரம் புரிந்தது. சினை மாடு. கன்றிலிருந்து அவள் வளர்த்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் கழிச்சல் கண்டிருந்தது. இதையே கொடுத்தால் கரு தங்காது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துக்குக் குழாய் கிடையாது; வாங்குகிற லாரித் தண்ணீர் மனுசருக்கே பற்றவில்லை.

"வர்ற சந்தைக்கு ஓட்டிட்டுப் போலாம்னு இருக்கறனுங்க. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. இது ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சாமி."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் அவளே எழுந்து, "நேத்து அரைச் சொம்புதானுங்க சார் வந்துச்சு" என்றாள். மாடு எவ்வளவு குடிக்கும் என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் பாடத்துக்குத் திரும்பினேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரும் தண்ணீர் எங்கெங்கே போகிறது, சொல்லுங்கள் என்றேன். பஞ்சாயத்துக் குழாயில் நொய்யல் அல்லாத வேறோர் ஆற்றுத் தண்ணீர் வரும், நல்ல தண்ணீர். குடிக்கப் போகுதுங்க, தட்டுக் கழுவப் போகுதுங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசி பெஞ்சுக்காரன் எழுந்தான். "சத்துணவுல அரிசி களையற தண்ணியெல்லாம் முருங்க மரத்துக்குப் போவுதுங்க சார். அந்த மரம் ஒரு காய் காச்சு நாம் பாத்ததில்லீங்க."

வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. முன்பு ஊருக்குள் மாடு வைத்திருந்த வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் அரிசி களைந்த கழுநீரைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இப்போது எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போக, ஊருக்குள் மாடே இல்லை. இவர்கள் வீடோ தள்ளித் தோட்டத்துக்குள் இருந்தது. அதுவரை யாருக்கும் இது நினைவு வரவில்லை.

கழுநீரை மாட்டுக்குக் கேட்டதும் சத்துணவு அமைப்பாளரம்மா பதறிவிட்டார். "வேண்டாமுங்க சார், பள்ளிக்கூடத்த விட்டு ஒரு பருக்கை வெளிய போவக் கூடாதுங்க. யாராச்சும் மொட்டைப் பெட்டிசன் போட்டா என்ற வேலை போயிரும்."

அந்தப் பயம் நியாயமானது. அப்படிப்பட்ட மனுக்களுக்கு விளக்கம் கேட்டு எழுதியே பழகியவன் நான். ஆனால் அவர் பேச்சிலேயே வழி இருந்தது. போகக் கூடாதது உணவு. அரிசி உணவு. வடிகஞ்சியும் உணவு என்று ஒருவர் வாதிடலாம், ஆகவே அதை விட்டுவிடுவோம். கழுநீர் எந்த விதியின்படியும் உணவாகாது. அது அரிசி உலைக்குப் போகும் முன்பே கழிந்தது. இதைத் தலைமையாசிரியர் முன்னிலையில் விளக்கினேன். அமைப்பாளரம்மா ஜன்னல் வழியே முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"முருங்கைக்கு ஊத்தறதுக்கு நான் பெர்மிசன் வாங்குனனாக்கும்? கொண்டு போகச் சொல்லுங்க."

அன்று மத்தியானமே அவளுடைய அப்பா டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன்களோடு வந்தார். விடுமுறை நாட்களுக்குப் பிள்ளைகள் தங்கள் வீடுகளில் அரிசி களைந்த நீரைப் பிடித்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதையெல்லாம் சைக்கிளில் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோனவன் கடைசி பெஞ்சுக்காரன்தான். வகுப்பில் இருவரும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டார்கள். மாடு சந்தைக்குப் போகவில்லை. ஐப்பசி மழையில் கன்று போட்டது. சீம்பாலை ஒரு தூக்குப்போசியில் முதலில் அமைப்பாளரம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவள் என்னிடம் வந்தாள்.

கிணறு கடைசிவரை தெளியவில்லை. அதைத் தெளியவைக்கும் விதி எதுவும் என்னிடம் இல்லை. பணிக்காலம் முழுவதும் விதிகளை நான் புரட்டியது இதைச் செய்யக்கூடாது என்று யாருக்காவது எழுதுவதற்காகத்தான். ஒரு சினை மாட்டுக்கு அதே விதிகளில் நுழைய இடம் தேடிய அந்த ஒரு நாள்தான் நான் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்த நாள் என்று இப்போதும் தோன்றுகிறது.