காத்தாடிப் பக்கம்

எனக்குப் பொறுமை கிடையாது. விமான மெக்கானிக் பேசுகிற பேச்சா இது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். என்ன செய்ய, உண்மை அதுதான். அதனால் என் சிநேகிதனுக்குக் கிடைக்கவிருந்த வேலை போகப் பார்த்தது.

அவனும் நானும் காலடிப்பேட்டையில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். நான் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் போனேன். அவன் ராயபுரத்தில் மீன்பிடி லாஞ்சுகளுக்கு எஞ்சின் வயரிங் செய்யப் போனான். இருபது வருஷம் லாஞ்சின் அடித்தட்டில் டீசல் புகையைக் குடித்ததில் அவனுக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது. இனி எஞ்சின் ரூமுக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் ஷெட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைமை இன்ஜினியர் மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடினேன். "ஒரு வேலை செய்யட்டும், பார்க்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வேலை, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்துக்கு எஞ்சின் மானிட்டர் பொருத்துவது. இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, மணலி புதுநகரில் இருந்த எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த எஞ்சினில் நாலு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் சூடு பார்க்கும் சென்சாரை முடுக்கி, வயரை விமானி முன்னால் இருக்கும் சின்னத் திரை வரை இழுக்க வேண்டும். எந்தச் சிலிண்டர் எவ்வளவு கொதிக்கிறது என்று திரையில் நாலு கோடுகள் காட்டும்.

அவன் வயர் கட்டிய அழகைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. கடல் ஆட்டத்துக்கு அசையாமல் கட்டிப் பழகிய கை. நான் உள்ளே உட்கார்ந்து, எத்தனை சிலிண்டர், என்ன சென்சார், எவ்வளவு சூடானால் எச்சரிக்க வேண்டும் என்று திரையில் ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன்: "முன்னாடி ரெண்டும் ஒண்ணு, ரெண்டு. பின்னாடி மூணு, நாலு. வலது மொதல்ல. லேபிள் ஒட்டிடு."

"ஆச்சு மாமு."

அதன்பிறகு, ஒவ்வொரு சென்சாராகச் சூடான காற்றடித்து, திரையில் அதே எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலை. நான் பார்க்கவில்லை. 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் கையெழுத்தை மட்டும் போட்டேன்.

மறுநாள் காலை, வாலைச் சங்கிலியால் தூணில் கட்டி எஞ்சினை ஓட்டினோம். மேடம் உள்ளே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோடு சிவப்பைத் தொட்டு மினுக்கியது. எஞ்சினை நிறுத்தினார். நான் ஸ்பானரோடு மூன்றாம் சிலிண்டரைப் பிரிக்கப் போனேன்.

"இரு மாமு," என்றான் அவன். பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து நாலு சிலிண்டர் மேலும் சுண்டினான். லாஞ்சில் அப்படித்தான் பார்ப்பார்களாம். மற்ற மூன்றிலும் துளி கொஞ்ச நேரம் கொதித்து அடங்கியது. மூக்குப் பக்கம் வலதில் பட்டதும் சுர்ரென்று காணாமல் போனது.

"நீ பிரிக்கப் போறது நல்லாத்தான் கீது. இதான் கொதிக்குது, காத்தாடிப் பக்கத்துது." சொல்லும்போதே அவன் முகம் மாறியது. "மாமு, முன்னாடின்னு நீ இன்னா சொன்னே?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. லாஞ்சில் புரொப்பல்லர் பின்னால் இருக்கிறது. எஞ்சினில் புரொப்பல்லர் பக்கம் என்றால் இருபது வருஷமாக அவனுக்கு அது பின்பக்கம். விமானத்துக்கோ காத்தாடி மூக்கில் இருக்கிறது. ஒன்றும் மூன்றும் இடம் மாறியிருந்தன, அதேபோல இரண்டும் நாலும்.

மேடம் இறங்கி வந்தார். "லேபிள் ஒட்டினது யாரு?"

எழுத வெட்கமாக இருக்கிறது. சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது என்றுதான் மனசு ஓடியது.

"நான்தான் மேடம்," என்றான் அவன். "முன்னபின்ன மாத்தி ஒட்டிட்டேன். என் தப்புதான்." அவனுக்கு மூச்சு இழுத்தது.

அந்த இழுப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. "எந்த முன்னாடின்னு சொல்லாம விட்டது நான் மேடம். சூடு பண்ணிப் பார்க்காம கையெழுத்து போட்டதும் நான்."

மேடம் என்னைத்தான் பார்த்தார். "இவர் தண்ணி தெளிக்கலேன்னா நல்லா இருக்கற சிலிண்டரைப் பிரிச்சுப் போட்டிருப்பீங்க. லேபிளை மாத்துங்க. சூடு பண்ணிக் காட்டுங்க, நான் பார்க்கணும்."

நின்று பார்த்தார். அவன் சூடான காற்றடித்தான், நான் திரையைப் படித்தேன். முன்னாடி, பின்னாடி என்ற வார்த்தையையே விட்டுவிட்டு, "காத்தாடிப் பக்கம் வலது", "காத்தாடிப் பக்கம் இடது" என்று கூவினான். கொதித்த சிலிண்டருக்குக் குளிர்ந்த காற்றைத் திருப்பிவிடும் தகட்டில் ரப்பர் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டு ஓட்டியதும் நாலு கோடும் ஒரே மட்டத்தில் நின்றன. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவனைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

சாயங்காலம் என் வண்டியில்தான் திரும்பினோம். சாத்தாங்காடு சிக்னலில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே நின்றபோது, பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான்.

"கூட நின்னே பாரு மாமு. வூட்ல சொல்றேன்."

எனக்குத் தாங்கவில்லை. "மொதல்ல நிக்கலடா," என்றேன்.

"தெர்யும். பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றான். "பச்ச வுட்டுட்டான். வண்டிய எடு."